வேகமும் தடையும்



மோட்டார் வண்டி ஒன்றைக் கண்டதும் நம்மில் பலரும் முதலில் கேட்கும் வினா, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதே. "இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஓடத் தெரிந்தும் நிற்கத் தெரியாத வண்டி, வண்டியே அன்று. நிற்கும் என்ற உறுதி இருப்பதால்தான் ஓட்டுபவன் துணிந்து விரைகிறான். ஆகவே வேகத்துக்கு அடிப்படை தடையே என்று சொன்னால் அது வெறும் சொல் விளையாட்டு ஆகாது.

இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், பழைய பந்தய பாணிக் கார் ஒன்றின் பிரேக்கு உறுப்புகளைப் புதுப்பித்த கதை. ஆசிரியனுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். அந்தக் கதையில் நான் ஒரு பிழை செய்தேன். அதை மறைக்கவும் செய்தேன். பிழைகளைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்த எனக்கு, பிழையைத் தேடும் முறையை ஒரு கார் கற்பித்தது. ஆகையால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

2019 ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து நாட்டில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகே மூன்று மாதம் தங்கியிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே பொறியியலாளராக இருக்கிறார். அவர்தாம் என்னை வரவழைத்தவர். அவரிடம் 1967 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் கார் ஒன்று உண்டு. இருவர் அமரும் சிறிய வண்டி, மேலே துணிக் கூரை, நீண்ட முன்புறம். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் உள்ள ஆபிங்டன் என்னும் ஊரில், 1962 முதல் 1980 வரை இந்த வகைக் கார்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1980இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் அந்த ஊரைச் சுற்றிய சாலைகளில் இக்கார்கள் இன்றும் ஓடுகின்றன. பலர் தாமே பழுது பார்த்து, பிள்ளைபோல் பேணி வருகின்றனர்.

என் மாணவரும் அவர்களுள் ஒருவர். காரின் முன் சக்கரங்களில் பிரேக்கு பிடிக்கும்போது உரசல் ஒலி கேட்கிறது என்றும், ஒரு சனிக்கிழமையன்று அவற்றின் உறுப்புகளை மாற்றப்போவதாகவும் சொன்னார். "நானும் உடனிருந்து உதவுகிறேன், தம்பி" என்றேன். "நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும், ஐயா" என்றார். பழைய ஆசிரியனுக்குச் சும்மா உட்காரும் பழக்கம் ஏது?

முதலில், பிரேக்கு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு. ஆற்றலை அழிக்க இயலாது. வேறு வடிவாக மாற்றவே இயலும். பிரேக்கு அதனை உராய்வினால் வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது எனக் கொள்ளுங்கள். அதனை நிறுத்தும்போது தோன்றும் வெப்பம், ஏறத்தாழ 1.3 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சில விநாடிகளுக்குள் அவ்வளவு வெப்பத்தையும் சக்கரங்களருகே உள்ள இரும்பு ஏற்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள்.

இனி, காலின் விசை சக்கரத்தை அடைவது எப்படி? பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பாஸ்கல் கண்ட விதிதான் வழி. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும். மிதியைக் கால் 20 கிலோகிராம் விசையோடு அழுத்துகிறது எனக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோலாதலால் அது ஐந்து மடங்காகி 100 கிலோகிராம் ஆகிறது. மாஸ்டர் சிலிண்டர் என்னும் தலைமை உருளையில் உள்ள பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் எனின், திரவத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் எனின், அங்கே கிடைக்கும் விசை 500 கிலோகிராம்! இந்தத் திரவ பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் வெளிவந்த டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதனைக் கொண்டிருந்தது.

அந்த விசை அழுத்தும் உறுப்பு இருவகை. ஒன்று டிரம், சுழலும் இரும்புக் கலத்தின் உட்புறத்தில் பிரேக்கு ஷூக்கள் விரிந்து உரசும். மற்றொன்று டிஸ்க்கு, திறந்த வெளியில் சுழலும் வட்டத் தட்டை இரு பக்கமும் பேட்டுகள் கவ்விப் பிடிக்கும். கவ்விப் பிடிக்கும் கூட்டுக்குக் காலிப்பர் என்று பெயர். டிஸ்க்கில் காற்றுப் படுவதால் வெப்பம் விரைந்து நீங்கும். லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் 1902இலேயே டிஸ்க்கு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றும், அது நெடுங்காலம் பரவவில்லை. 1953இல் பிரான்சில் லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க்கு பிரேக்கு பொருத்திய ஜாகுவார் கார் முதலிடம் பெற்றது. சராசரி மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓடி அப்பந்தயத்தை வென்ற முதல் வண்டி அதுவே. மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்னரே பிரேக்கு பிடிக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டிகள் கடைசி வரை விரைந்து வந்து நிறுத்த முடிந்தது. தடை வலிமையானால் வேகம் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நம் எம்.ஜி.பி. காருக்கு முன்னே டிஸ்க்கு, பின்னே டிரம். பிரேக்கு பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், முன் சக்கரங்களே பெரும் பங்கு வேலை செய்கின்றன. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து உலோகக் குழாய்கள் செல்கின்றன. சக்கரங்கள் மேலும் கீழும் ஆடுவன, முன் சக்கரங்கள் திரும்பவும் செய்வன. ஆதலால் அவற்றை அடையும் இடத்தில் மட்டும் வளையும் ரப்பர்க் குழாய்கள் உண்டு. முன்னே இரண்டு, பின்னே ஒன்று. சுமார் ஒரு சாண் நீளமுள்ள இந்த ரப்பர்க் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கிற்று. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் இறக்கினார் மாணவர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கையை வைப்பது மடமை. சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே கரிய தூள் படிந்திருந்தது. ஊதப் போன என்னை அவர் தடுத்தார். பழைய பிரேக்கு உறுப்புகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயை விளைவிக்கும். ஆதலால் அதை ஊதாமலும் உலர்ந்த தூரிகையால் தட்டாமலும், ஈரத்துணியால் துடைத்தெடுத்து மூடிக் கட்டிவிட வேண்டும். பிரிட்டன் 1999இல் கல்நாரைத் தடை செய்துவிட்டது. எனினும் பழைய வண்டிக்குள் பழைய தூள் இருக்கத்தான் செய்கிறது.

பேட்டுகள் தேய்ந்து மெலிந்திருந்தன. டிஸ்க்குகளிலும் வரி வரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. பிரேக்கு உறுப்புகளை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது முறையன்று. இரு பக்கமும் ஒரே அளவில் உராய்ந்தால்தான் வண்டி நேராக நிற்கும். ஆகவே இரண்டு டிஸ்க்குகளையும் நான்கு பேட்டுகளையும் வாங்கி வைத்திருந்தார். டிஸ்க்கை எடுக்க வேண்டுமானால் முதலில் காலிப்பரைக் கழற்றி ஒதுக்க வேண்டும். அது கனத்த இரும்பு. இடப்பக்கத்துக் காலிப்பரைக் கழற்றி என் கையில் கொடுத்த வேளையில் வீட்டினுள்ளிருந்து அவரைத் தொலைபேசிக்கு அழைத்தார்கள்.

"ஐயா, இதைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். ரப்பர்க் குழாயில் தொங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

நான் கம்பியைத் தேடினேன், அகப்படவில்லை. கை வலித்தது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் குழாய் இந்தக் கனத்தையா தாங்காது என்று எண்ணி, மெல்லக் கையை எடுத்தேன். காலிப்பர் குழாயில் தொங்கிற்று. அரை மணி கழித்து அவர் காலடி ஓசை கேட்டதும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏதும் கேட்கவில்லை. நானும் ஏதும் சொல்லவில்லை.

மாலைக்குள் புதிய உறுப்புகள் யாவும் பொருந்தின. பிரேக்கு மிதி கல்போல் உறுதியாக இருந்தது. ஆனால் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக்கு பிடித்ததும் வண்டி வலப்பக்கமாகச் சற்றே இழுத்தது. "புதிய பேட்டுகள் டிஸ்க்கோடு படிய வேண்டும். மிதமான வேகத்தில் பலமுறை பிடித்துவிட்டால் சரியாகும்" என்றார் மாணவர். மறுநாளும் சரியாகவில்லை.

"அன்றைய வேலையில் ஏதேனும் விட்டுப்போயிற்றா, ஐயா?" என்று அவர் கேட்டார். "எல்லாம் சரியாகத்தான் செய்தோம். குற்றம் வாங்கிய பொருளில் இருக்கும், மாற்றிவிடு" என்றேன். நன்கு படித்த மனிதனின் வாயிலிருந்து எவ்வளவு எளிதாகப் பொய் வந்தது பாருங்கள்!

அவர் வேறு பேட்டுகள் வாங்கிப் போட்டார். பயனில்லை. அடுத்த வாரம் இடப்பக்கத்துக் காலிப்பரைப் பிரேக்கு குழாயிலிருந்து விடுவித்து, பிஸ்டன்களை வெளியே எடுத்துத் துடைத்து, ரப்பர் வளையங்களை மாற்றினார். அதே பழைய குழாயை மீண்டும் இணைத்தார். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்போது இடப்பக்கத்தில் திரவம் சற்றுச் சோம்பி வந்ததாம். அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்று பின்னர் சொன்னார். வீட்டைச் சுற்றிய தெருக்களில் மெல்ல ஓட்டிப் பார்த்தார். வண்டி நேராக நின்றது. நோய் நீங்கிற்று என்று இருவரும் மகிழ்ந்தோம்.

அடுத்த ஞாயிறன்று காட்ஸ்வோல்டு குன்றுகளைக் காட்டுவதாக என்னை அழைத்துச் சென்றார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சரிவான சாலையில் இறங்கும்போது, வளைவைத் தாண்டிப் பால் ஏற்றிய பெரிய லாரி ஒன்று எதிரே வந்தது. மாணவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். அடுத்த கணம் வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. அந்த நாட்டில் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறம் செல்வது வழக்கம். வலப்புறம் என்றால் லாரியின் முன்பு. அவர் காலை எடுத்துச் சக்கரத்தைத் திருப்பினார். வண்டி இடப்பக்கம் ஒடிந்து திரும்பி, புல்லோரத்தில் ஏறி நின்றது. லாரி எங்களைக் கடந்து சென்றது. இருவருக்கும் இடையே ஒரு முழ தூரம் இருந்திருக்கலாம். அவர் முகத்தில் நிறம் இல்லை. அவருக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. "தாத்தா இடத்தில் நான் உட்கார்ந்து வருகிறேன்" என்று அன்று காலை அவள் அடம்பிடித்தது என் நினைவுக்கு வந்தது.

வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றி வீடு சேர்ந்தோம். அன்று மாலை அவர் எந்த உறுப்பையும் கழற்றவில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து உட்கார்ந்தார். "இதுவரை உறுப்பை மாற்றினேன், நோயைப் பார்க்கவில்லை. இனி அறிகுறிகளை ஒவ்வொன்றாக எழுதுவோம், ஐயா" என்றார். அவர் எழுதியதன் சாரத்தை உங்களுக்குச் சொல்கிறேன். எந்தத் திரவ பிரேக்குக்கும் இது பொருந்தும்.

மிதி பஞ்சுபோல் அமுங்கினால், திரவத்தில் காற்றுப் புகுந்திருக்கிறது. மருந்தூசிக் குழலில் நீரை நிரப்பி முனையை அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. சிறிது காற்றை விட்டு அழுத்துங்கள், துள்ளும். மிதி நெடுந்தூரம் இறங்கி, மீண்டும் மிதித்தால் உயரே நின்றால், பின் சக்கர ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்திருக்கலாம். இந்தக் காரில் அதைச் சரிப்படுத்தத் தனித் திருகு உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்தால், எங்கோ திரவம் கசிகிறது. வெளியே கசிவு காணாவிடில் மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம் தேய்ந்து, திரவம் பின்னோக்கி நழுவுகிறது என்று கொள்ளலாம். மிதி காலின் கீழ் அதிர்ந்து துடித்தால், டிஸ்க்கு நேராகச் சுழலாமல் ஆடுகிறது, அல்லது அதன் தடிமன் ஒரு சீராக இல்லை.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால்? படகில் ஒரு பக்கத்துத் துடுப்பை நீரில் ஆழ்த்திப் பிடித்தால் படகு அப்பக்கமே திரும்பும். அதுபோல, பிரேக்கு வலுத்த பக்கத்துக்கே வண்டி திரும்பும். வலப்பக்கம் இழுத்தால் குறை இடப்பக்கத்தில். இதனால்தான் மாணவர் இடக் காலிப்பரைப் புதுப்பித்தார். அதில் தவறில்லை. ஆனால் அத்துடன் தேடலை முடித்துக்கொண்டார்.

"காலை எடுத்த பின் வண்டி என்ன செய்தது, தம்பி?" என்று கேட்டேன். "நான் இடப்பக்கம் திருப்பினேன்" என்றார். நான் பக்கத்தில் இருந்தவன். அவர் கைகளைப் பார்த்தவன். அவர் திருப்பியது சிறிதளவே. வண்டி திரும்பியதோ வெகுவாக. அதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தாளில் எழுதினார்: "மிதித்தால் வலப்பக்கம், விட்டால் இடப்பக்கம்."

இரண்டும் முரணாகத் தோன்றும் குறிகள். மிதிக்கும்போது இட பிரேக்கு தாமதமாகப் பிடிக்கிறது. விடும்போது தாமதமாக விடுகிறது. போவதற்கும் வருவதற்கும் தாமதம் என்றால் குறை பேட்டில் இல்லை, வழியில் இருக்கிறது. மெல்ல மிதித்தால் திரவம் சென்று சேர நேரம் கிடைக்கிறது. ஆதலால் தெருவில் ஓட்டிப் பார்த்தபோது குறை தெரியவில்லை. சட்டென்று மிதித்தால் வலப்பக்கம் முந்திக்கொள்கிறது. காற்றை வெளியேற்றும்போது திரவம் சோம்பி வந்ததற்கும் விடை கிடைத்தது. சிதறிக் கிடந்த குறிகள் யாவும் ஒரே காரணத்தைச் சுட்டின.

எனினும் ஊகம் வேறு, சோதனை வேறு. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, மிதியை ஒருமுறை அழுத்தி விட்டோம். வலச் சக்கரம் கையால் தள்ளியவுடன் சுழன்றது. இடச் சக்கரம் சுழலவில்லை. இடக் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகைச் சற்றே தளர்த்தினார், திரவம் பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தால் திருகைத் தளர்த்தியும் சக்கரம் சுழன்றிராது. ஆகவே அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது உறுதி. மாஸ்டர் சிலிண்டரில் அடைப்பு இருந்தால் வலச் சக்கரமும் இறுகியிருக்கும். ஆகவே குறை இடப்பக்கத்துக்கு மட்டும் உரிய வழியில் உள்ளது. உலோகக் குழாயில் நசுங்கல் ஏதும் இல்லை. எஞ்சியது அந்த ஒரு சாண் ரப்பர்க் குழாய்.

"வெளியே நன்றாகத்தானே இருக்கிறது! இதற்கு என்ன கேடு வந்தது?" என்று தமக்குள் பேசிக்கொண்டார் மாணவர்.

அப்போது நான் சொன்னேன். கம்பி அகப்படாததையும், காலிப்பரைத் தொங்கவிட்டதையும், அவர் கேட்டபோது மறைத்ததையும் சொன்னேன். பள்ளியில் எத்தனையோ மாணவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டதுண்டு. அவர்களுடைய நாக்கு ஏன் அவ்வாறு உலர்ந்தது என்பதை அன்று அறிந்தேன்.

அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "இந்தக் குழாய்க்கு வயது இருபதுக்கு மேல் இருக்கும், ஐயா. உள்ளே முன்பே நைந்திருக்கும். அரை மணி நேரம் தொங்கியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கு மாற்றும்போதே குழாயையும் மாற்றாதது என் பிழை. ஆனால், அன்றே சொல்லியிருந்தீர்களானால் நான் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் கடுமை ஒரு துளியும் இல்லை. ஆயினும் இன்றளவும் அது என்னை விட்டு அகலவில்லை.

புதிய குழாய் பொருத்தியபின், பழையதை அறுத்துப் பிளந்து பார்த்தோம். வெளிப்புறத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளே ரப்பர் ஊதிப் பருத்து, ஓரிடத்தில் உரிந்து, மடல்போல் வழியை மறித்துக்கொண்டிருந்தது. அழுத்தத்தோடு செல்லும் திரவத்துக்கு அது அரைகுறையாக வழிவிடும். திரும்பி வரும் திரவத்தையோ கதவுபோல் மூடித் தடுக்கும்.

குழாயை மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உலோகக் குழாயின் இணைப்பைத் தளர்த்த வேண்டும். பின்பு தாங்கியில் உள்ள மரையை எடுக்க வேண்டும். அதன் பின்னரே ரப்பர்க் குழாயைக் காலிப்பரிலிருந்து திருகி எடுக்க வேண்டும். ரப்பர் முறுக்கேறும்படி எதையும் திருகலாகாது. புதியதைப் பொருத்தியபின், ஓட்டும் சக்கரத்தை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, குழாய் எங்கும் உரசாமலும் இழுபடாமலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குழாய் நைந்ததென்றால் அதனோடு பிறந்த மற்றவையும் நையும் காலம் வந்துவிட்டது. ஆகவே மூன்றையும் மாற்றினோம்.

திரவத்தையும் முழுவதும் மாற்றினோம். பட்டறைகளில் இதனைப் "பிரேக்கு ஆயில்" என்பர். உண்மையில் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சார்ந்த திரவம். எண்ணெய் என்ற பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, பிரேக்கே இல்லாமற்போகும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். "டாட் 4" என்னும் தரத்தைச் சேர்ந்த புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியசு வரை கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரியாகத் தாழ்கிறது. நீண்ட மலைச்சரிவில் பிரேக்கு சூடேறித் திரவம் கொதித்தால், ஆவிக் குமிழிகள் தோன்றும். அவை காற்றுப்போல் அமுங்கும். மிதி தரையைத் தொடும். ஆகையால் திரவத்தை ஈராண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுவது நல்லது. திறந்து வைத்த பழைய குப்பியிலிருந்து ஊற்றவே கூடாது. காரின் வண்ணப் பூச்சில் பட்டால் அதனையும் அரிக்கும். உடனே நீரால் கழுவ வேண்டும்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் திருகைத் திறக்க, காற்றுக் குமிழியோடு திரவம் கண்ணாடிக் குப்பிக்குள் இறங்கும். திருகை மூடிய பின்னரே மிதியை விட வேண்டும். முந்தி விட்டால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போகும். அன்று மிதியருகே நான் இருந்தேன். "அழுத்துங்கள், ஐயா" என்பார், "அழுத்தினேன்" என்பேன். "விடுங்கள்" என்பார், "விட்டேன்" என்பேன். ஒரே ஒரு முறை அவர் மூடுமுன் என் கால் சற்று எழுந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. "தம்பி, நான் முந்திவிட்டேன். மறுபடியும் செய்வோம்" என்றேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து சிரித்தது கேட்டது.

அந்தக் கார் 1967ஆம் ஆண்டினது. அதில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழிதான். எங்கே கசிந்தாலும் நான்கும் கைவிடும். கம்பியால் இழுபடும் கை பிரேக்கு மட்டுமே எஞ்சும். 1968 முதல் அமெரிக்கச் சட்டம் இரு தனி வழிகளை வற்புறுத்தியது. இன்றைய கார்களில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். பழைய வண்டிக்கு அந்தக் காப்பு இல்லை. அதைப் பேணுபவனின் கவனமும் நேர்மையுமே காப்பு.

மாணவர்களே! இக்கதையிலிருந்து இரண்டு செய்திகளை நீங்கள் எடுத்துச்செல்ல விரும்புகிறேன். முதலாவது, பழுது கண்டவுடன் உறுப்பை மாற்றாதீர்கள். எல்லா அறிகுறிகளையும், முரணாகத் தோன்றுவனவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். அவை அத்தனையையும் விளக்கும் ஒரு காரணத்தைத் தேடுங்கள். தேடியபின் அதனைச் சோதித்து உறுதி செய்யுங்கள். அறிவியல் என்பது இதுவே.

இரண்டாவது, அறிகுறிகளின் பட்டியலில் உங்கள் கை செய்ததையும் எழுதுங்கள். என் மாணவரின் திறமைக்குக் குறைவில்லை. அவருக்குக் கிடைத்த செய்தியில்தான் குறை இருந்தது. அந்தக் குறையை உண்டாக்கியவன் நான். ஆய்வுக்கூடத்தில் தராசைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கும் மாணவனும், கணக்கில் ஓர் இலக்கத்தை அழித்து எழுதிவிட்டு மறைக்கும் எழுத்தரும், நோயாளிக்குக் கொடுத்த மருந்தைச் சொல்ல மறந்ததாக நடிக்கும் பணியாளரும் அந்த மடல்போலத்தான். வெளியே ஒரு வெடிப்பும் தெரியாது. உள்ளே வழி அடைபட்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முன்தினம் அதே சரிவில் மீண்டும் இறங்கினோம். கீழே சமவெளியில் ஆள் இல்லாத நேரான சாலையில் மாணவர் வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி ஒரு விரற்கடையும் விலகாமல் நேராக நின்றது. பின்னொரு நாள் அவருடைய மகள் என்னோடு தொலைபேசியில் பேசினாள். தந்தையோடு அந்தக் காரில் குன்றுக்குப் போய் வந்தாளாம்.